தட்டில் பச்சைக்கு எவ்வளவு இடம்?

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வீதியை ஒட்டிய மஹய்யாவயிலும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் உணவைப் பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் நோயைப் பற்றிய பேச்சாகவே முடிகிறது. இலங்கையின் வயது வந்தோரிடையே 2005-06ஆம் ஆண்டுகளில் நடந்த நாடளாவிய ஆய்வு நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2018-19இல் நடந்த மற்றோர் ஆய்வில் அது நூற்றுக்கு 23 ஆக இருந்தது. இரு ஆய்வுகளின் அளவைமுறைகள் ஒன்றல்ல என்பதைக் கணக்கில் எடுத்தாலும், மக்கள் ‘சீனி வருத்தம்’ என்று சொல்லும் இந்நோய் ஒரு தலைமுறைக்குள் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது என்பதில் ஐயமில்லை. இந்த அச்சத்தின் நடுவில்தான், சமைத்த உணவை அடியோடு விட்டுப் பழம், காய், இலை, கொட்டை, முளைவிட்ட தானியம் ஆகியவற்றைப் பச்சையாக மட்டுமே உண்டால் நோய் தானே விலகிவிடும் என்ற போதனை, கைபேசித் திரைகளின் வழியாகவும் அயலவர் வாய்மொழியாகவும் வந்து சேர்கிறது. அப்போதனையில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை விடாமலும் மறுபாதிக்கு இரையாகாமலும் இருப்பது எப்படி என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியது.

பச்சை உணவு முறை என்பது, கண்டிப்பான பொருளில், ஏறத்தாழ 48 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறாத தாவர உணவை மட்டும் உண்பதாகும். அதற்கு மேற்பட்ட சூடு, உணவிலுள்ள நொதியங்களை, அதாவது உயிரணுக்களில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களை, அழித்துவிடுவதால் சமைத்த உணவு ‘உயிரற்றது’ ஆகிவிடுகிறது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. இக்கொள்கை உடலியலுக்குப் பொருந்துவதன்று. ஏனெனில் இலையிலும் காயிலும் உள்ள நொதியங்களும் மற்றப் புரதங்களைப் போலவே இரைப்பையின் அமிலத்தாலும் குடலின் சாறுகளாலும் பெரும்பாலும் உடைக்கப்பட்டுவிடுகின்றன, மனிதச் செரிமானத்துக்கு வேண்டிய நொதியங்களை உமிழ்நீர்ச் சுரப்பியும் கணையமும் குடற்சுவரும் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. கொள்கை தவறு என்பதால் அதைப் பின்பற்றுவோருக்குக் கிடைக்கும் பயன் முழுவதும் கற்பனை என்றாகிவிடாது. வெள்ளைச் சோறு, பாண், ரொட்டி, சீனி கலந்த தேநீர், பொரித்த வடை, பிஸ்கட் ஆகியவற்றை ஒருவர் ஒரே நாளில் நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மரக்கறியையும் பழத்தையும் வைத்தால், உடலுக்குள் செல்லும் சீனியும் உப்பும் எண்ணெயும் குறைகின்றன, நார்ப்பொருள் பெருகுகிறது, வயிறு நிறைந்தாலும் சக்தியின் அளவு தாழ்கிறது. எடையும் குருதிச் சீனியும் இறங்குவதற்கு இதுவே போதிய காரணம். நன்மையைச் செய்தது பச்சைத்தன்மை என்பதை விட, தட்டிலிருந்து நீங்கியவை எவை என்பதே என்று சொல்வதுதான் பொருத்தமாகும்.

இந்தப் பயனும் அதன் விலையும் நன்கு அளக்கப்பட்டுள்ளன. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தினர், நெடுங்காலம் பச்சை உணவில் வாழ்ந்த 216 ஆண்களையும் 297 பெண்களையும் ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவர்கள் சராசரியாக 10 முதல் 12 கிலோ வரை எடை இழந்திருந்தார்கள். ஆனால் 45 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 30 பேர் அளவில் மாதவிடாய் ஒழுங்கு குலைந்தோ முற்றிலும் நின்றோ போயிருந்தது. அதே நாட்டில் 2005இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, இத்தகையோரின் குருதியில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். குறைந்திருப்பதைப் பாராட்டத்தக்க பயனாகப் பதிவு செய்துவிட்டு, நூற்றுக்கு 38 பேரிடம் உயிர்ச்சத்து பி12 குறைந்திருப்பதையும் சுட்டியது. நரம்புகளுக்கும் செங்குருதிக் கலங்களுக்கும் இன்றியமையாத இச்சத்து மீன், முட்டை, பால், இறைச்சி போன்றவற்றிலிருந்தே இயல்பாகக் கிடைப்பது. எந்தக் கீரையும் அதைத் தருவதில்லை.

பச்சை உணவுச் சிந்தனை இன்று நேற்று முளைத்ததன்று. சூரிச் நகரில் 1897இல் மருத்துவமனை தொடங்கிய மக்சிமிலியன் பிர்கர்-பென்னர், தோலோடு துருவிய அப்பிளையும் ஊறவைத்த ஓட்ஸையும் நோயாளருக்கு உணவாக்கி அதை ஒரு மருத்துவ முறையாகவே நிலைநாட்டினார். அவரும் அந்தக் கிண்ணத்தில் டின்பால் சேர்ப்பதற்குத் தயங்கவில்லை. தமிழகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிவசைலத்தில் மூ. இராமகிருஷ்ணன் நிறுவிய நல்வாழ்வு ஆசிரமம், தேங்காயையும் பழங்களையும் முதன்மையாகக் கொண்ட சமைக்காத உணவைத் தமிழரிடையே பரப்பியது. ஆனால் இத்துறையில் மிக நேர்மையான பதிவை விட்டுச்சென்றவர் காந்தியடிகள். 1893இல் பிரிட்டோரியாவில் இளம் வழக்கறிஞராக இருந்தபோது ஒருமுறையும், 1929இல் அறுபதை நெருங்கிய வயதில் மறுமுறையும் அவர் சமைக்காத உணவுக்கு மாறினார். இரண்டாவது சோதனையில் முளைகட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த வாதுமை 8 தோலா, இடித்த பச்சிலை 8 தோலா, 6 எலுமிச்சம்பழம், 2 அவுன்ஸ் தேன் என்று தமது நாளுணவை அளவோடு ‘யங் இந்தியா’ இதழில் வெளியிட்டார்; சில மாதங்களுக்குள் வயிற்றுளைச்சல் கண்டு உடல் தளர்ந்தபோது, அதையும் அதே வெளிப்படையோடு எழுதிவிட்டுப் பழைய உணவுக்குத் திரும்பினார். கண்டிக்கு 1927 நவம்பரில் வந்து சென்ற அம்மனிதர், இரண்டே ஆண்டுகளுக்குள் தம் உடலில் செய்துகாட்டிய இச்சோதனையை இன்றைய போதகர்கள் எடுத்துக்காட்டும்போது அதன் முற்பாதியை மட்டுமே சொல்வது பெரும் குறை.

கண்டிப் பகுதிக்கு இவை எல்லாவற்றையும் விட நெருக்கமான ஒரு பாடம் உண்டு. அது பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை. ஐந்து விளிம்புகளோடு மஞ்சளாகப் பழுத்து, குறுக்கே வெட்டினால் நட்சத்திர வடிவில் விழும் காமரங்காய், மலைநாட்டு வீட்டுக் கொல்லைகளில் தாராளமாகக் காய்ப்பது. அதன் நெருங்கிய உறவான பிலிங் காய், மரத்தின் தண்டிலேயே கொத்துக்கொத்தாகத் தொங்கி, மீன் குழம்பிலும் அச்சாறிலும் புளிப்புக்குச் சேர்வது. இவை சீனி வருத்தத்தைத் தணிக்கும் என்ற நம்பிக்கை நாட்டு வைத்திய வழக்கில் நெடுங்காலமாக இருப்பதால், சிலர் அவற்றைச் சாறு பிழிந்து குடிக்கிறார்கள். அவ்வாறு காமரங்காய் உட்கொண்டதன் பின் சிறுநீரகம் பழுதுற்ற இரு நோயாளரைப் பற்றிக் கண்டியிலும் பேராதனையிலும் பணியாற்றிய மருத்துவர்கள் 2015இல் ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். ஒருவருக்கு அது திடீரென நேர்ந்தது, மற்றவருக்கு நாட்பட்ட நோயாகவே நிலைத்தது. சிறுநீரகத்தில் ஊசியால் எடுத்த இழையத் துணுக்கை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது கல்சியம் ஒக்சலேற்றுப் படிகங்கள் படிந்திருந்தன. கேரளத்தில் பிலிங் சாற்றைக் குடித்ததால் சிறுநீரகம் செயலிழந்த 10 பேரைப் பற்றிய அறிக்கை 2013இல் வெளிவந்தது; அவர்களில் 7 பேருக்கு டயலிசிஸ், அதாவது இயந்திரத்தின் வழியே குருதியைச் சுத்திகரிக்கும் சிகிச்சை, தேவைப்பட்டது.

இது எவ்வாறு நேர்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பச்சை உணவு பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஒக்சாலிக் அமிலம் பல இலைகளிலும் காய்களிலும் இயல்பாகவே உள்ளது. அது சோற்றோடும் பாலோடும் மீனோடும் சேர்ந்து குடலுக்குள் செல்லும்போது, அவ்வுணவுகளிலுள்ள கல்சியம் அதைப் பற்றிக்கொள்வதால் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. அதே அமிலம், விடியற்காலையில், வேறு உணவேதும் இல்லாத வயிற்றில், பல பழங்களின் சாறாகச் செறிந்து இறங்கும்போது, பற்றிக்கொள்ளக் கல்சியம் இல்லாமையால் குருதியில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைந்து, அங்குள்ள கல்சியத்தோடு சேர்ந்து படிகமாகி அவற்றை அடைத்துவிடுகிறது. உடலில் நீர் குறைந்திருந்தால் தீங்கு மேலும் கூடும். ஏற்கனவே சிறுநீரகம் பழுதுற்றவருக்கு வேறோர் ஆபத்தும் உள்ளது: காமரங்காயில் இருக்கும் ‘கரம்பொக்சின்’ என்ற நரம்பு நஞ்சை 2013இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் பிரித்தறிந்தார்கள், நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும் அந்நஞ்சு, நலிந்த சிறுநீரகமுள்ளவரின் மூளையை அடைந்து இடைவிடாத விக்கலையும் மனக்குழப்பத்தையும் வலிப்பையும் உண்டாக்கி உயிரையும் பறிக்கக்கூடும். குழம்பில் இடும் இரண்டு பிலிங் காய்களுக்கும் குவளை நிறைய வடித்த சாற்றுக்கும் உள்ள வேறுபாடு அளவின் வேறுபாடு. உணவை மருந்தாக்குவதும் நஞ்சாக்குவதும் அந்த அளவே. பற்களால் கடித்து மென்று உண்ணும்போது வயிறு தானே இட்டுக்கொள்ளும் வரம்பை மிக்சி நீக்கிவிடுகிறது என்பதையும், நீரிழிவுள்ளவர் தமக்கே தெரியாமல் சிறுநீரகப் பழுதைக் கொண்டிருக்கும் வாய்ப்பு மற்றவரை விட மிகுதி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘வெறும் வயிற்றில் ஒரு குவளை’ என்ற அறிவுரை யாருக்குக் கூறப்படுகிறதோ அவருக்கே அது மிகக் கேடானது என்பது தெளிவாகும்.

அடுப்பைப் பகையாகக் கருதுவதற்கும் நியாயமில்லை. மரவள்ளிக் கிழங்கு சயனைட்டு நஞ்சை விடுவிக்கும் பொருளைக் கொண்டது என்பதும், சேம்பு பச்சையாக நாவில் பட்டால் அதன் ஊசிப் படிகங்கள் தொண்டையைக் குத்தும் என்பதும் தோட்ட லயங்களில் பஞ்ச காலங்களைக் கடந்து வந்த மூதாட்டியருக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தன. சிவப்பு போஞ்சி விதைகள் வேகாமல் வயிற்றுக்குள் சென்றால் கடும் வாந்தியை உண்டாக்குபவை. தக்காளிக்குச் சிவப்பு நிறந்தரும் லைக்கோபீன் என்னும் சத்து, பச்சைத் தக்காளியை விடச் சமைத்த தக்காளிக் களியிலிருந்தே உடலால் கூடுதலாக ஏற்கப்படுகிறது என்பதை 1997இல் ஜெர்மனிய ஆய்வு ஒன்று காட்டியது. கரட்டின் செம்மஞ்சள் நிறப்பொருளும் மென்மையாக வெந்து சிறிது கொழுப்போடு சேரும்போதுதான் நன்கு உறிஞ்சப்படுகிறது. மாறாக உயிர்ச்சத்து சி சூட்டிலும் நீரிலும் எளிதில் அழிவது. கோவாவிலும் முள்ளங்கியிலும் உள்ள சில காப்புப் பொருட்கள் உருவாவதற்கு வேண்டிய நொதியமும் நீண்ட கொதிப்பில் செயலிழந்துவிடும். ஆகவே சில உணவுகள் பச்சையாகவும் சில உணவுகள் வெந்தும் உண்ணத்தக்கவை என்பதே உண்மை. இதில் கட்சி கட்டுவதற்கு ஏதுமில்லை.

இலங்கைச் சமையல் இந்த உண்மையை நெடுநாட்களுக்கு முன்பே கண்டுகொண்டது. வல்லாரைச் சம்பலை எடுத்துக்கொள்ளலாம். கட்டாக வாங்கிய வல்லாரையை அவிழ்த்து, பழுத்த இலைகளையும் வேர்களையும் கிள்ளி எறிந்து, தண்டுகளைத் தனித்தனியே பிரித்து, அகன்ற பாத்திரத்து நீரில் அமிழ்த்தி எடுக்கும்போது அடியில் சேறு தங்கும். நீரை மாற்றி மாற்றி அலசி, அடியில் மண் தங்காத நிலை வந்த பிறகே அது வெட்டுப்பலகைக்கு வரும். நூலைப் போல மெல்லியதாக அரிந்து, துருவிய தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், சிறிது உப்பு ஆகியவற்றைப் பிசறி, உண்பதற்குச் சற்று முன்பு தேசிக்காய் பிழிவார்கள். இதில் தேங்காயின் கொழுப்பு நிறச்சத்துகளைக் கரைத்துக் கொடுக்கிறது, தேசிக்காயின் சி சத்து இலையின் இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. பொன்னாங்காணியையும் அகத்தியையும் அரிந்து தேங்காய்ப்பூவோடு சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் புரட்டி எடுக்கும் சுண்டல், சிங்களவர் ‘மெல்லும்’ என்று அழைப்பது, பச்சைக்கும் வேகலுக்கும் நடுவே நிற்கும் அருமையான சமையல். பச்சை உணவைத் தேடிப் புறப்படும் மஹய்யாவ வாசி வெளிநாட்டு விதைகளையும் பொடிகளையும் நாட வேண்டியதில்லை; குறைந்துபோனது தட்டில் இவற்றின் பங்குதான். இரண்டு அகப்பைச் சோற்றின் ஓரத்தில் ஒரு கரண்டிச் சம்பல் என்றிருக்கும் விகிதத்தை மாற்றி, தட்டின் பாதியை மரக்கறியும் இலையும் நிரப்புமாறு செய்வதே உண்மையான தொடக்கம். நாளொன்றுக்குப் பழமும் மரக்கறியுமாக 400 கிராமேனும் உண்ண வேண்டும் என்ற உலக சுகாதார அமைப்பின் அளவை எட்டுவதற்கு இதுவே எளிய வழி.

தூய்மை பற்றிய கேள்வியை மஹய்யாவயில் எழுப்பும்போது அதைத் தனிமனித ஒழுக்கமாகச் சுருக்கிவிடக் கூடாது. கண்டி மாநகரசபையின் துப்புரவுப் பணிக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் தலைமுறைகளாக வாழும் குடியிருப்பு அங்கு உள்ளது. நகரத்தின் கழிவை அகற்றும் குடும்பங்களே நெருக்கமான அறைகளில், தோட்டம் போடுவதற்கு ஒரு சாண் நிலமுமின்றி வாழ்கின்றன. பச்சையாக உண்ணும் இலைக்கு அடுப்பின் காவல் இல்லாததால், நீரின் தூய்மையே அதன் ஒரே காவல். தாழ்ந்த ஈரநிலங்களில் விளையும் வல்லாரையும் கங்குனும் அந்நிலத்தில் பாயும் நீரின் அழுக்கையும் ஏந்தி வருபவை. செங்கண்மாரி எனப்படும் கல்லீரல் அழற்சியும் நெருப்புக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் அவ்வழியே பரவக்கூடியவை. கம்பளையில் 2007இல் செங்கண்மாரி பரவியதை இம்மாவட்ட மக்கள் மறந்திருக்க முடியாது. முளைகட்டிய பயறும் வெந்தயமும் சத்து நிறைந்தவை என்பது உண்மையே. எனினும் முளைக்கத் தேவையான வெம்மையும் ஈரமும் கிருமிகளையும் வளர்ப்பவை என்பதால், 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியாகப் பரவிய ஒரு கிருமி 50க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. முளைகளைச் சில நிமிடம் ஆவியில் காட்டி உண்பதால் இழப்பது சிறிது, பெறும் பாதுகாப்பு பெரிது. மலைநாட்டு மரக்கறிகளில் தெளிக்கப்படும் கிருமிநாசினி இன்னொரு கவலை. தெளித்த பின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள் ஒவ்வொரு மருந்துக்கும் விதிக்கப்பட்டிருந்தும், அந்த விதி தோட்டத்தில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதைச் சந்தையில் நிற்கும் வாங்குபவரால் அறிய முடியாது. கிருமிநாசினிகளைப் பதிவு செய்து கட்டுப்படுத்தும் அரச அலுவலகம் பேராதனைக்கு அண்மையில் கெட்டம்பேயிலேயே இருக்கும்போது, கண்டிச் சந்தையின் மரக்கறிகளை ஒழுங்காகச் சோதித்து முடிவுகளை மக்களுக்கு அறிவிக்குமாறு கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

தூய்மையைப் போலவே விலையையும் தனிமனித ஒழுக்கமாகச் சுருக்கிவிட முடியாது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் நூற்றுக்கு 94.9 ஆக ஏறியபோது, வறிய வீடுகளில் முதலில் குறைந்தவை பழமும் மரக்கறியும் முட்டையும்தான். நாட்கூலியில் வாழும் குடும்பத்திடம் பாதாமையும் அவகாடோவையும் பரிந்துரைப்பது அறிவுரையன்று. கொய்யா, பப்பாசி, நெல்லி, வெள்ளரி, கச்சான், தேங்காய்ப்பூ, பருவத்தில் மலிந்த எந்தக் கீரையும் அதே பயனைத் தருபவை.

யார் பச்சை உணவு முறையில் இறங்கக் கூடாது என்பதையும் திட்டமாகச் சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாக 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு காட்டியது. அத்தகைய மலைநாட்டில் வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் முழுப் பச்சை உணவு என்பது பட்டினியின் இன்னொரு வடிவமே. குருதிச் சீனியைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ பயன்படுத்துபவர், மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் திடீரென நிறுத்தினால், சீனி ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயங்கி விழ நேரும். சிறுநீரகம் நலிந்தவருக்குச் செவ்விளநீரும் வாழைப்பழமும் கூடப் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்துடிப்பைக் குலைக்கக்கூடியவை. குருதி உறையாதிருக்க வார்பரின் மாத்திரை எடுப்பவர் ஒரே வாரத்தில் கீரையைப் பன்மடங்காக்கினால், அதிலுள்ள உயிர்ச்சத்து கே அம்மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். உப்பையும் அறவே விடுமாறு கூறும் போதகர்கள், 1990களின் நடுவிலிருந்து இந்நாட்டில் கண்டக்கழலையைக் குறைத்துவந்தது அயடீன் சேர்த்த உப்பே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆரம்பிக்க விரும்புபவர் முதல் மாதத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. தேநீரின் சீனியைக் குறைத்து, மாலைப் பலகாரத்துக்குப் பதிலாக ஒரு பழத்தைக் கடித்து உண்டு, மதியச் சோற்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நன்கு அலசிய பச்சைச் சம்பலையும் சுண்டலையும் வைத்து, மீனையோ முட்டையையோ பருப்பையோ விடாதிருந்தால் போதும். கிளினிக் செல்பவர் இந்த மாற்றத்தை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லி, குருதியில் கிரியட்டினின் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய அக்கழிவுப்பொருளின் அளவு கூடியிருந்தால், உணவுமுறையை வைத்தியரே வகுத்துத் தர வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் வீடுகளுக்குச் செல்லும்போது டெங்கு பற்றிச் சொல்வதைப் போலவே காமரங்காய், பிலிங் சாறுகளின் தீங்கையும் தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துச் சொல்ல முன்வர வேண்டும். கண்டி மருத்துவர்கள் எழுதிய எச்சரிக்கை ஆய்விதழின் பக்கங்களுக்குள் கிடப்பதால் யாருக்கும் பயனில்லை. அதுவரையில், சீனி வருத்தத்துக்கென்று காலையில் வெறும் வயிற்றில் அந்தச் சாற்றைக் குடித்து வருபவர் யாராக இருந்தாலும், அதை இன்றே நிறுத்திவிட்டு ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.